அடிபட்ட மானும் கைத்துப்பாக்கிச் சட்டமும்: பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் மாத இரவு. சசெக்ஸில் ஆஷ்டவுன் காட்டை ஊடறுத்துப் போகும் ஏ22 சாலையில் எனக்கு முன்னால் போன கார் ஒரு ஃபாலோ மானை அடித்துவிட்டது. பெண் மான். பின்னங்கால் இரண்டும் உடைந்திருந்தன. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்ப்பதும் சரிவதுமாகக் கிடந்தது. காரை ஓட்டி வந்த பெண் அழுதுகொண்டே இருந்தார். போலீசுக்குச் சொன்னோம். ஆள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வந்தவர் போலீஸ்காரர் இல்லை, பக்கத்து ஊர்ப் பெரியவர். சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தார். எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார். ஒரே வெடி. மானின் வாதை முடிந்தது.

பிரிட்டனில் கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரிடம் அது எப்படி இருந்தது என்று தேடத் தொடங்கினேன். சில ஆண்டுகளில் நானே மான் சுடுவதற்கான ரைபிள் சான்றிதழ் வாங்கினேன், அடிபட்ட மான்களுக்காகப் போலீஸ் அழைக்கும் தன்னார்வலர் பட்டியலில் அந்தப் பெரியவரைப் போலவே சேர்ந்தேன், கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்தேன், மறுக்கப்பட்டேன், மறுபடி விண்ணப்பித்துப் பெற்றேன். இந்தச் சட்டத்தைத் தமிழில் யாரும் எனக்கு விளக்கியதில்லை. அதனால் எழுதுகிறேன். பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம்தான். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் மாறுபடும் இடத்தைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதல் படி: வண்டி ஓட்டுபவராக நீங்கள் செய்ய வேண்டியது

துப்பாக்கியே இல்லாதவர்களுக்கும் இந்தப் பகுதி தேவைப்படும். பிரிட்டனில் ஆறு வகை மான்கள் திரிகின்றன: ரெட், ரோ, ஃபாலோ, சிகா, முன்ட்ஜாக், சீன நீர்மான். முன்ட்ஜாக் நம் ஊர்க் கேளையாட்டின் உறவு. உருவத்தில் சிறியது என்றாலும் கார் பம்பரை நொறுக்கிவிடும். சாலையில் ஆண்டுக்குப் பல்லாயிரம் மான்கள் அடிபடுகின்றன. இணை சேரும் காலமும் இலையுதிர் காலமும் சேர்ந்துவரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், இளம் மான்கள் தாயை விட்டு விலகும் மே மாதத்திலும் இது கூடும்.

அடித்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். யாருக்காவது காயம் என்றாலோ, மான் சாலையை மறித்துக் கிடந்தாலோ 999. மற்றபடி போலீசின் அவசரமல்லாத எண் 101. இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். வருபவர் இருட்டில் தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மானுக்கு வலிதான்.

1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு எந்தெந்த விலங்குகளை அடித்தால் நின்று தகவல் தர வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, ஆடு, நாய். மான் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பலர் நிற்காமலே போய்விடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள்.

மானின் பக்கத்தில் போய்த் தடவிக் கொடுக்காதீர்கள். காட்டு மானுக்கு மனிதன் என்றால் கொல்ல வரும் விலங்கு. உங்கள் கை பட்டால் அதன் பயம் இரட்டிப்பாகும், உதைத்தால் உங்களுக்கும் காயம். காரில் தூக்கிப் போட்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகும் எண்ணமும் வேண்டாம். கால் உடைந்த முதிர்ந்த மான் கூண்டுக்குள் சிகிச்சையைத் தாங்குவது அரிது.

இரண்டாம் படி: சட்டம் கருணைக்கு எங்கே வழி விடுகிறது

மானைக் கொல்வதற்கான பொது விதிகள் 1991 மான் சட்டத்தில் இருக்கின்றன. முன்ட்ஜாக் தவிர மற்ற வகைகளுக்குச் சுடக்கூடாத பருவம் உண்டு, பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்புவரை சுடக்கூடாது. ரைபிள் குறைந்தது பாயிண்ட் 240 அங்குல காலிபரும் (குழலின் உள்விட்டம்), குழல் முனையில் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கொண்டதாக இருக்க வேண்டும். முன்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் பாயிண்ட் 220 காலிபரும் 1,000 அடி-பவுண்டும் போதும். காற்றுத் துப்பாக்கி எந்த மானுக்கும் கூடாது.

இந்த அளவுகளைப் பார்த்தாலே தெரியும், எந்தச் சாதாரணக் கைத்துப்பாக்கியும் இவற்றுக்குள் வராது. அப்படியானால் அந்தப் பெரியவர் செய்தது எப்படிச் சட்டப்படி சரி?

விடை 6-ஆம் பிரிவில் இருக்கிறது. நோயாலோ காயத்தாலோ வதைபடும் மானின் துன்பத்தைத் தடுக்கச் செய்யும் செயலுக்குப் பருவத் தடையும் இரவுத் தடையும் பொருந்தாது. 2007-இல் வந்த சீர்திருத்த ஆணை ஆயுத விதியிலும் வழி திறந்தது. மான் மிக மோசமாகக் காயம்பட்டிருக்கிறது, கொல்வதே கருணை என்று நியாயமாக நம்பினால், 'நியாயமான வழி' எதையும் பயன்படுத்தலாம். விரைவில் நினைவிழந்து சாகும் என்று எதிர்பார்க்கக்கூடிய முறை, சூழ்நிலைக்குப் பொருத்தமான முறை என்பதே அதன் பொருள். மானின் அளவு, அது என்ன செய்துகொண்டிருக்கிறது, பாதுகாப்பாக எவ்வளவு நெருங்க முடியும், புதரில் எப்படிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது சட்டம். இதை எழுதியவர்கள் அடிபட்ட மானை நேரில் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் காயம் உங்கள் சட்டவிரோதச் செயலால் வந்திருக்கக்கூடாது. திருட்டு வேட்டையில் காயப்படுத்திவிட்டு, 'கருணையால் கொன்றேன்' என்று தப்பிக்க முடியாது. காட்டுப் பாலூட்டிகளைக் கொடுமையிலிருந்து காக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அடிப்படையில்தான் கருணைக் கொலைக்கு விலக்கு தருகிறது. இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் மீள முடியாதபடி ஊனமுற்ற விலங்கைக் கொல்ல இடம் தருகிறது. ஆனால் அங்கே வனத்துறை அதிகாரியின் அனுமதி வேண்டும். இங்கே சாலையோரத்தில் நிற்பவரின் நியாயமான முடிவை நம்புகிறார்கள்.

கவனியுங்கள்: மான் சட்டம் விலக்கு தருவது கொல்லும் செயலுக்குத்தான். கையில் இருக்கும் துப்பாக்கி சட்டப்படியானதா என்பது வேறு சட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

மூன்றாம் படி: கைத்துப்பாக்கி ஏன் தனி விஷயம்

1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் பள்ளிக்குள் நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவனிடம் இருந்தவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். அதன் பிறகு 1997-இல் இரண்டு திருத்தச் சட்டங்கள் வந்தன. முதலாவது பெரிய காலிபர் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது, இரண்டாவது பாயிண்ட் 22-ஐயும் சேர்த்தது. குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ அது 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். காற்றுத் துப்பாக்கி, குழல் வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி, சமிக்ஞைக் கருவி ஆகியவை இதில் சேரா.

உரிய அதிகாரம் இல்லாமல் இதை வைத்திருப்பதற்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. 18 வயது நிரம்பியவருக்கு, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, குறைந்தபட்சமே 5 ஆண்டு சிறை. 'மான்களுக்கு உதவத்தான் வைத்திருந்தேன்' என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பயன் இல்லை.

அதே 1997 சட்டம் சில விலக்குகளையும் வைத்தது. இறைச்சிக்கூடக் கருவிகள், ஓட்டப்பந்தயத் தொடக்கத் துப்பாக்கிகள், 1946-க்கு முன் கிடைத்த போர் நினைவுப் பொருட்கள், 1919-க்கு முன் செய்யப்பட்ட சில பழம்பொருட்கள் என்று ஒரு வரிசை. நமக்கு வேண்டியது 3-ஆம் பிரிவு: விலங்குகளை வதையின்றிக் கொல்வது தொடர்பாக மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு போலீஸ் தரும் துப்பாக்கி உரிமமான ஃபயர்ஆர்ம் சான்றிதழ் தரப்பட்டிருந்தால், உள்துறை அமைச்சரின் தனி அதிகாரம் தேவையில்லை. அந்தப் பெரியவரின் பெட்டியில் இருந்த துப்பாக்கி இந்த ஒற்றை நிபந்தனையின் பேரில்தான் சட்டப்படி இருந்தது. நிபந்தனைக்கு வெளியே, ஒரு காலி டப்பாவைக் குறி பார்த்துச் சுட்டால்கூட நிலைமை மாறிவிடும்.

நான்காம் படி: உண்மையில் வேண்டுமா?

இங்கேதான் நான் முதல் முறை தவறினேன். "மான் சுடப் போகிறேன், எப்போதாவது ஒன்று காயத்தோடு ஓடினால் பக்கத்தில் போய்ச் சுட வேண்டியிருக்கும்" என்று எழுதினேன். மறுத்துவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. வேட்டையில் காயப்பட்ட மானுக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் ரைபிளே இரண்டாவது வெடியைக் கொடுக்கும்.

சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கனுக்குச் சான்றிதழ் இருந்தால் அதுவும் பெரும்பாலான நேரம் போதும். 6-ஆம் பிரிவின் விலக்கு ஷாட்கனுக்கும் பொருந்தும். கிராமப்புறத்தில் அடிபட்ட மான்கள் பலவற்றை விவசாயிகள் இப்படித்தான் வதையிலிருந்து விடுவிக்கிறார்கள். தோட்டாவை வெளியே விடாமல் மண்டையில் ஆணி போல் இறங்கும் கேப்டிவ் போல்ட் கருவிக்குச் சான்றிதழே வேண்டாம். ஆனால் அதைத் தலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும், திமிரும் காட்டு மானிடம் அது எப்போதும் நடக்காது. அடித்த பின் இரத்தம் வெளியேற்றுவது போன்ற அடுத்த வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கைத்துப்பாக்கி எங்கே உதவும்? தார்ச்சாலை ஓரத்தில், இரவில், சுற்றிலும் கார்களும் ஆட்களும் நிற்கும்போது. மானுக்குரிய ரைபிள் தோட்டா உடலைத் துளைத்து வெளியே வந்து, தாரில் பட்டுத் திசை மாறிப் பறக்கலாம். தொலைநோக்கி பொருத்திய ரைபிளால் கைக்கெட்டும் தூரத்தில் குறி வைக்கவே முடியாது. வேலிக்கம்பிகளுக்கு நடுவிலும் முள்புதருக்குள்ளும் நீளமான துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்காது. இந்த நிலைமை உங்களுக்கு எத்தனை முறை வருகிறது? இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடியாவிட்டால் விண்ணப்பிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: 'நல்ல காரணம்' என்பதை நிரூபிப்பது

1968 சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி போலீஸ் தலைமை அதிகாரிக்குச் சில விஷயங்களில் திருப்தி வேண்டும்: நீங்கள் துப்பாக்கியை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர், சட்டத்தால் தடை செய்யப்படாதவர், உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது, பொதுமக்களுக்கு ஆபத்து இல்லை. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு வாழ்நாள் தடை. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுக்குள் என்றால் ஐந்தாண்டுத் தடை.

கைத்துப்பாக்கிக்கான நல்ல காரணத்தைக் கால்நடை மருத்துவர்களும், விலங்குநல அமைப்பின் ஆய்வாளர்களும், போலீஸ் அழைத்தால் இரவில் எழுந்து போகும் தன்னார்வலர்களும் காட்ட முடிகிறது. பல காவல் படைகள் இப்படிப்பட்டவர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. முதலில் அந்தப் பட்டியலில் சேருங்கள். ரைபிளோடும் ஷாட்கனோடும் ஓராண்டு போங்கள். ஒவ்வொரு அழைப்பையும் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், போலீஸ் தந்த பதிவு எண், மானின் வகை, என்ன செய்தீர்கள், எதில் சிரமம்.

என் இரண்டாவது விண்ணப்பத்தில் இருந்தது அந்தக் குறிப்பேடுதான். எந்தெந்த இரவில் ரைபிளை எடுக்க முடியாமல் ஷாட்கனோடு தடுமாறினேன், எந்த மான் அதனால் கூடுதலாக எவ்வளவு நேரம் கிடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன். கூடவே மான் மேலாண்மைப் பயிற்சிச் சான்று, பொதுப் பொறுப்புக் காப்பீடு, பட்டியலில் இருப்பதற்கான கடிதம். வந்த அதிகாரி மேசையில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் படித்தார்.

ஆறாம் படி: விண்ணப்பம்

ஏற்கெனவே ஃபயர்ஆர்ம் சான்றிதழ் இருந்தால் அதில் கைத்துப்பாக்கியைச் சேர்க்கும் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லாதவர் புதிய சான்றிதழுக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கைத்துப்பாக்கியையே முதல் துப்பாக்கியாகக் கேட்பவரை எந்தக் காவல் படையும் கூர்ந்து பார்க்கும். 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தது: புதிய சான்றிதழுக்கு 198 பவுண்டு, மாற்றத்துக்கு 47 பவுண்டு. சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும்.

இரண்டு பேர் உங்களுக்காகச் சான்றளிக்க வேண்டும். 2021 நவம்பர் முதல் மருத்துவ அறிக்கையும் கட்டாயம். மன அழுத்தம், தூக்கமின்மை என்று எப்போதாவது குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் போயிருந்தால் மறைக்காதீர்கள். நம்மவர்களிடம் இதை மறைக்கும் பழக்கம் நிறைய உண்டு. சிகிச்சை எடுத்ததற்காகத் தானாகவே யாரையும் மறுப்பதில்லை. மறைத்தது தெரிந்தால் நம்பிக்கை போய்விடும், பொய்த் தகவல் தருவது தனிக் குற்றமும்கூட.

வீட்டுக்கு அதிகாரி வருவார். இரும்பு அலமாரி சுவரில் உறுதியாகப் பொருத்தியிருக்கிறதா, சாவி எங்கே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று பார்ப்பார். மனைவிக்கோ கணவருக்கோ சாவி இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

மறுத்துவிட்டால் 21 நாளுக்குள் கிரவுன் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன், மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்தை ஆற அமரப் படியுங்கள். என்னைப் போல அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி போவது பெரும்பாலும் மலிவான வழி.

ஏழாம் படி: கையில் வந்த பிறகு

இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கிக்குத்தான் பொதுவாக அனுமதி தருவார்கள். ரிவால்வர் என்றால் மற்ற அறைகளை அடைத்துவிடுவார்கள். பாயிண்ட் 32 போன்ற அடக்கமான காலிபரே பரவலாக இருக்கிறது. பக்கத்திலிருந்து தலையில் சுட அது போதும்.

தோட்டாவிலும் ஒரு நுணுக்கம். உடலில் பட்டதும் விரியும் தோட்டா முன்பு ரைபிளுக்கும் சேர்த்தே தடைப் பட்டியலில் இருந்தது. 2017-இல் வந்த காவல் மற்றும் குற்றச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தடை கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டும்தான். வதையின்றிக் கொல்வதற்கு என்று சான்றிதழில் நிபந்தனை இருந்தால் அதையும் வாங்கலாம். சான்றிதழில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

சான்றிதழ் உங்கள் பெயரில்தான். பட்டியலில் இருக்கும் நண்பருக்குக்கூட ஒரு ராத்திரிக்கு இரவல் தர முடியாது. பொது இடத்தில் நியாயமான காரணமின்றித் துப்பாக்கியும் தோட்டாவுமாகத் திரிவது 19-ஆம் பிரிவின்படி குற்றம். அழைப்புக்குப் போகும்போது அந்தக் காரணம் உண்டு. போய்விட்டுத் திரும்பும் வழியில் சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை விட்டுவிட்டுப் போனால் அந்தக் காரணம் அங்கே நிற்காது. நேரே வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொன்று, 1980 நெடுஞ்சாலைச் சட்டம். சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் காரணமின்றிச் சுட்டு, அதனால் சாலையில் போகிறவர் காயப்பட்டாலோ, தடைபட்டாலோ, ஆபத்துக்குள்ளானாலோ குற்றம். அடிபட்ட மான் பெரும்பாலும் அந்த 50 அடிக்குள்தான் கிடக்கும். போலீஸ் அழைத்துப் போகிறீர்கள் என்ற பதிவு எண்ணும், போக்குவரத்தை நிறுத்த அங்கே ஒரு போலீஸ்காரர் இருப்பதும் உங்களுக்குப் பாதுகாப்பு.

எட்டாம் படி: அந்த இடத்தில்

கிளம்பும் முன் கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லிவிடுங்கள். இருட்டில் துப்பாக்கியோடு நிற்கும் ஆளைப் பார்த்து யாராவது 999-ஐ அழைத்தால், ஆயுதப் போலீஸ் வந்து இறங்குவார்கள். நம் தோல் நிறத்தில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. பளிச்சிடும் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள், போனதும் அங்கிருப்பவர்களிடம் பெயர் சொல்லி வந்த காரணத்தைச் சொல்லுங்கள்.

முதலில் மானைப் பாருங்கள், துப்பாக்கியை எடுப்பது பிறகு. சில மான்கள் அதிர்ச்சியில்தான் கிடக்கும், அரை மணி நேரத்தில் எழுந்து காட்டுக்குள் போய்விடும். கொல்லத்தான் வேண்டும் என்றால் ஆட்களை உங்கள் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். தோட்டா உடலைக் கடந்தால் எங்கே போகும் என்று பாருங்கள். மண்மேடு வேண்டும், தாரோ கல்லோ கூடாது. மான் தலையைத் திருப்பாத கோணத்திலிருந்து மெதுவாக, பேசாமல் நெருங்குங்கள். சுட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பின்னர் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையக்கூடாது, மூச்சு இருக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது தோட்டா.

இறந்த உடல் உங்களுடையது அல்ல. உயிரோடு இருக்கும் காட்டு மானுக்கு உரிமையாளர் இல்லை, இறந்த பிறகு அது கிடக்கும் நிலத்துக்காரருக்கு உரியது. சாலையில் என்றால் சாலை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். மான் தனியார் வேலியைத் தாண்டி உள்ளே போயிருந்தால், நிலத்துக்காரரை எழுப்பிக் கேட்டுவிட்டு நுழையுங்கள். அடிபட்டுக் குடல் கிழிந்த மானின் இறைச்சியைச் சாப்பிட எடுக்காதீர்கள்.

ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும்

1997 கைத்துப்பாக்கித் தடையும் அதன் விலக்குகளும் ஸ்காட்லாந்துக்கும் அப்படியே பொருந்தும். மான் சட்டம்தான் வேறு: அங்கே 1996 மான் (ஸ்காட்லாந்து) சட்டம். அதன் 25-ஆம் பிரிவு துன்பத்தைத் தடுக்கச் செய்யும் செயலைக் காக்கிறது. மேல்முறையீடு ஷெரிஃப் நீதிமன்றத்துக்கு. வட அயர்லாந்தில் 2004 ஆணையின்படி தனி முறை. 1997 தடை அங்கே போகவில்லை, தற்காப்புக்கான கைத்துப்பாக்கிக்குக்கூட அங்கே சான்றிதழ் உண்டு. பெல்ஃபாஸ்டில் இருக்கும் உறவினர் சொன்னதைக் கேட்டு லண்டனில் எதையும் செய்துவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும்

துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் பூட்டிய பிறகு, தூங்கப் போவதற்கு முன் குறிப்பேட்டை எடுங்கள். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், எத்தனை தோட்டா செலவானது, கையிருப்பு எத்தனை. போய்ச் சேருவதற்குள் மான் இறந்திருந்தால் அதையும், எழுந்து ஓடியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிக்க வரும் அதிகாரி அலமாரியைப் பார்த்து முடித்ததும் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். என்னுடையதில் இப்போது மூன்றாவது நோட்டுப் புத்தகம் ஓடுகிறது. முதல் பக்கத்தில், நான் சுடாத அந்த ஏ22 மானை எழுதி வைத்திருக்கிறேன்: நவம்பர், ஃபாலோ, பெண், காத்திருந்தது 45 நிமிடம்.